நீர்த்துள்வாலி: ஒரு சதுப்புநிலச் சிற்றுயிரும் அதன் உணவு பற்றிய ஆய்வு வரலாறும்

பொடுரா அக்வாட்டிக்கா என்பது நன்னீர்க் குளங்கள், வாய்க்கால்கள், சதுப்புநிலங்கள் ஆகியவற்றின் நீர்ப்பரப்பில் வாழும் ஒரு மிகச்சிறிய ஆறுகாலி ஆகும். ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் எனப்படும் உயிரினக் குழுவைச் சேர்ந்தது. இக்கட்டுரையில் அக்குழு துள்வாலி என்றும், இவ்வினம் நீர்த்துள்வாலி என்றும் குறிப்பிடப்படுகின்றன. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. முழு வளர்ச்சி அடைந்த ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர், நிறம் நீலங்கலந்த கருமை முதல் செம்பழுப்பு வரை. பனி உருகும் காலத்திலும் வேனிலின் தொடக்கத்திலும் இவை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடும். அப்போது தேங்கிய நீரின் ஓரத்தில் யாரோ கரித்தூளைக் கொட்டிவிட்டதுபோல் தோன்றும். குச்சியால் தொட்டால் அந்தத் தூள் துள்ளும்.

இவ்வுயிரினம் அறிவியலுக்கு அறிமுகமாகி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதன் குதிப்பைப் பற்றியும் வகைப்பாட்டைப் பற்றியும் அக்காலத்தில் நிறைய எழுதப்பட்டது. அது என்ன தின்கிறது என்ற கேள்வியோ நெடுங்காலம் ஓர் அடைமொழியிலேயே அடங்கிக் கிடந்தது. "அழுகிய பொருள்களை உண்பது" என்று ஒரு நூல் எழுதும். அடுத்த நூல் அதையே திரும்ப எழுதும். அந்தச் சொற்றொடர் எவ்வளவு உண்மை என்று சோதிக்கும் கருவிகள் வந்து சேர வெகுநாள் ஆயிற்று.

பெயரும் தொடக்ககால ஆய்வும்

சுவீடன் நாட்டைச் சேர்ந்த சார்ல்ஸ் டி யேர் 1720-இல் பிறந்தவர். 1740-இல், அதாவது தம் இருபதாவது வயதில், குதிக்கும் சிறு பூச்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். துள்வாலிகளைக் கவனத்துடன் உற்றுநோக்கி எழுதப்பட்ட முதற்கட்டுரைகளுள் இது ஒன்று. செல்வக் குடும்பத்தில் பிறந்து சுரங்கங்களுக்கும் இரும்பு ஆலைகளுக்கும் உரிமையாளராக விளங்கிய அவர், பூச்சிகளின் வாழ்க்கை முறையை எழுதுவதில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூரின் வழியைப் பின்பற்றினார்.

கார்ல் லின்னேயசு 1758-இல் வெளியிட்ட "சிஸ்டமா நேச்சுரே" நூலின் பத்தாம் பதிப்பில் பொடுரா அக்வாட்டிக்கா என்ற பெயர் இடம்பெற்றது. விலங்குகளின் இருபெயரீட்டு முறைக்கு அந்தப் பதிப்பே தொடக்கமாகக் கொள்ளப்படுவதால், முறையாகப் பெயர்பெற்ற முதல் துள்வாலிகளுள் இதுவும் ஒன்றாகிறது. பொடுரா என்பது கிரேக்க மொழியில் கால், வால் என்னும் இரண்டு சொற்களின் கூட்டு. அக்வாட்டிக்கா என்றால் நீரைச் சேர்ந்தது. காலாகப் பயன்படும் வால் என்ற பொருளில் வைக்கப்பட்ட பெயர் மிகப் பொருத்தமானதே. வயிற்றின் அடியில் கவைபோல் பிளந்த ஓர் உறுப்பு முன்னோக்கி மடங்கி, ஒரு சிறு கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். கொக்கி விடுபட்டதும் அது பின்னோக்கி அறைந்து உடலை மேலே வீசும்.

பெயர் பொருந்தியது, இடம் பொருந்தவில்லை. லின்னேயசு இதை இறக்கையற்றவை என்ற வரிசையில் வைத்தார். பேன், தெள்ளுப்பூச்சி, சிலந்தி, தேள், நண்டு, பூரான் ஆகிய அனைத்தும் அதே வரிசையில் இருந்தன. இறக்கை இல்லை என்பதைத் தவிர இவற்றுக்குள் பொதுவானது ஏதுமில்லை. 1796-இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் அந்தக் கும்பலிலிருந்து துள்வாலிகளைப் பிரித்தெடுத்து, வெள்ளிமீன் எனப்படும் புத்தகப்பூச்சிகளோடு ஒன்றாகச் சேர்த்தார். அதுவும் நிலைக்கவில்லை.

நுண்ணோக்கியாளர்களிடம் ஒரு குழப்பம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொடுரா என்ற சொல் பூச்சியியலாளர்களைவிட நுண்ணோக்கி வைத்திருந்தவர்களிடையேதான் பரவலாக வழங்கியது. ஒரு வில்லையின் தரத்தைச் சோதிக்க "பொடுரா செதில்" என்ற கண்ணாடித் தகடு விற்கப்பட்டது. செதிலின் மேலுள்ள வியப்புக்குறி போன்ற நுண்கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் வில்லை நல்லது. அந்தக் கோடுகளின் உண்மையான அமைப்பு என்ன என்று நுண்ணோக்கிச் சங்கங்களில் ஆண்டுக்கணக்கில் வாதங்கள் நடந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொடுரா அக்வாட்டிக்காவின் உடலில் செதிலே கிடையாது. சோதனைத் தகடுகளில் இருந்தவை லெபிடோசைர்ட்டசு என்ற வேறொரு நிலத்துள்வாலியின் செதில்கள். துள்வாலி எதுவானாலும் பொடுரா என்று அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது. பழைய நூல்களில் "பொடுராவின் உணவு" என்று வரும் குறிப்பு எதையும் நீர்த்துள்வாலியின் உணவு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இந்த ஒரு சான்றே போதும்.

சதுப்புநிலத்தைக் குறிக்கும் பெயர்கொண்ட மற்றோர் இனத்துக்கும் இதே நிலைதான். டென்மார்க்கின் ஓ. எஃப். முல்லர் 1776-இல் பெயரிட்ட அது இன்று ஐசோட்டோமுரசு பாலுசுட்ரிசு எனப்படுகிறது. ஒரே இனம் என்று இருநூறு ஆண்டுகள் கருதப்பட்ட அது, மரபியல் ஆய்வுகளுக்குப் பின் நெருங்கிய பல இனங்களின் தொகுதி என்று தெரியவந்தது. அந்தப் பெயரில் முன்பு எழுதப்பட்ட உணவுக் குறிப்புகள் எந்த இனத்துக்கு உரியவை என்று இப்போது பிரித்தறிவது கடினம்.

லப்பக்கின் ஒட்டுப்பசை

துள்வாலிகளுக்குத் தனி வரிசை வேண்டும் என்று நிறுவியவர் இங்கிலாந்தின் ஜான் லப்பக். வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், சார்ல்ஸ் டார்வினின் அண்டை வீட்டுக்காரர். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்ற பிரிவுகளின் ஆங்கிலப் பெயர்களை 1865-இல் வழங்கியவரும் இவரே. 1871-இல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறக் காரணமாக இருந்தார். இத்தனைக்கும் இடையில் மிகச்சிறிய பூச்சிகளை வரைந்தும் அறுத்தும் ஆய்ந்தார். 1873-இல் ரே சங்கம் வெளியிட்ட அவருடைய பெருநூல் துள்வாலி ஆய்வின் அடித்தள நூலாகக் கருதப்படுகிறது.

அவர் 1870-இல் இட்ட பெயர் கொலெம்போலா. கிரேக்கத்தில் ஒட்டுப்பசை என்றும் ஆப்பு என்றும் பொருள்படும் இரண்டு சொற்களிலிருந்து அதை உருவாக்கினார். எல்லாத் துள்வாலிகளுக்கும் வயிற்றின் முதற்கண்டத்தின் அடியில் குழல் போன்ற ஓர் உறுப்பு உண்டு. பூச்சி பரப்புகளில் ஒட்டிக்கொள்ள அது உதவுகிறது என்று லப்பக் எண்ணினார். கவைவால் இல்லாத துள்வாலிகள் உண்டு; வயிற்றுக்குழல் இல்லாதது இல்லை. எனவே எந்த உறுப்பின் பெயரால் வரிசைக்குப் பெயரிட வேண்டும் என்பதில் அவர் செய்த தேர்வு சரியானது. அந்த உறுப்பின் வேலை என்ன என்பதில்தான் பிற்காலத்தார் அவரோடு முரண்பட்டனர்.

1963-இல் ஜே. நோபிள்-நெஸ்பிட் நீர்த்துள்வாலியையே ஆய்வுப்பொருளாகக் கொண்டு தொடர்ச்சியாகச் சில கட்டுரைகளை வெளியிட்டார். இவ்வுயிரின் புறத்தோல் நீரை ஒட்டவிடாது. நீரில் அமிழ்த்தினாலும் நனையாமல் மேலே வந்துவிடும். ஆனால் கால் நகங்களும் வயிற்றுக்குழலின் நுனியும் மட்டும் நீரை ஏற்கும் தன்மையுடையவை. உடலுக்கும் குளத்து நீருக்கும் இடையே நீரும் உப்புகளும் பரிமாறப்படுவது வயிற்றுக்குழல் வழியாகத்தான் என்று அவர் காட்டினார். அதாவது, நீர்மேல் நின்றுகொண்டு வாயைத் திறக்காமலே அது நீர் அருந்துகிறது. உணவு ஒரு வழி, நீர் ஒரு வழி.

இதன் பின்னர் ஒட்டுப்பசை என்ற கருத்து பழைய தவறாக ஒதுக்கப்பட்டது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2022-இல் விக்டர் ஆர்ட்டேகா-ஹிமெனெசும் உடன் ஆய்வாளர்களும் ஐசோட்டோமுரசு பேரினத்தைச் சேர்ந்த நீரோரத் துள்வாலி ஒன்றை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்தனர். குதிக்கும்போது வயிற்றுக்குழல் சிறு நீர்த்துளி ஒன்றைக் கவ்விச் செல்கிறது. உடல் காற்றில் வளைந்து 20 மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறது. இறங்கும்போது அந்தக் குழல் நீரில் ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் உடல் மீண்டும் எம்பிப் புரளாமல் நிற்கிறது. பசை என்று தனியே எதுவும் இல்லை. நீரின் ஒட்டும் தன்மையே அந்த வேலையைச் செய்கிறது. லப்பக் முழுவதும் தவறவில்லை என்று சொல்லலாம்.

நீர்ப்பரப்பு என்ற மேய்ச்சல் நிலம்

நீர்த்துள்வாலியின் உணவைப் புரிந்துகொள்ள அது நிற்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். தேங்கிய நீரின் மேற்படலம் வெறும் நீர் அல்ல. ஒற்றைச்செல் பாசிகளும் டயட்டங்களும் பாக்டீரியாக்களும் அங்கே படர்கின்றன. காற்றில் வரும் மகரந்தமும் பூஞ்சை வித்துகளும் அதில் விழுந்து சிக்கிக்கொள்கின்றன. கரையோரத்து இலைகள் விழுந்து அழுகுகின்றன. அந்த இலைகளின்மேல் பூஞ்சை இழைகள் பரவுகின்றன. லெம்னா போன்ற மிதவைச் செடிகளின் சிற்றிலைகள் தீவுகள்போல் மிதக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் உயிருக்கு இது பெரிய மேய்ச்சல் நிலம். போட்டியாக வரக்கூடிய பெரிய பூச்சிகள் பல, படலத்தின்மேல் நிற்க முடியாமல் நனைந்து மூழ்கிவிடும்.

நனையாமல் நிற்பது எப்படி என்பது 2011-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் துள்வாலிகளின் தோலைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இன்னும் விளக்கம் பெற்றது. தோலெங்கும் மின்னணு நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் நுண்குமிழ்கள் தேன்கூட்டு வடிவில் அமைந்துள்ளன. அவற்றின் விளிம்புகள் மேலே அகன்று கீழே குறுகியவை. அதனால் நீர் உள்ளே இறங்க முடியாமல் காற்று அடைபட்டு நிற்கிறது. தோல் வழியாக மூச்சுவிடும் உயிருக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு.

வாய் உறுப்புகள் தலைக்குள் அடங்கியிருக்கும். துள்வாலிகளைப் பூச்சிகளிலிருந்து தனியே பிரித்து வைப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. நீர்த்துள்வாலியின் தாடையில் அரைக்கும் தட்டு ஒன்று உண்டு. திண்மையான துகள்களைச் சுரண்டி எடுத்து அரைத்து விழுங்கும் உயிருக்கு உரிய அமைப்பு அது. இதற்கு மாறாக நியானுரிடே குடும்பத் துள்வாலிகளின் தாடையில் அந்தத் தட்டு இல்லை. அவற்றுள் பல உணவைக் குத்தி உறிஞ்சுகின்றன. கடற்கரையில் வாழும் அனுரிடா மாரிட்டிமா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓதம் வடிந்தபின் பாறை இடுக்குகளிலிருந்து வெளிவந்து இறந்த நத்தைகளையும் பிற சிற்றுயிர்களையும் உண்டுவிட்டு, ஓதம் திரும்புமுன் இடுக்குக்குள் ஒதுங்கிவிடும். ஆகவே ஈரநிலத் துள்வாலி என்றாலே ஒரே உணவுதான் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

குடலைத் திறந்து பார்த்தல்

துள்வாலியின் உணவை அறிய ஆய்வாளர்கள் முதலில் கையாண்ட வழி எளியது. பிடித்த உயிரைத் தெளிவாக்கும் திரவத்தில் இட்டு, ஊடுருவித் தெரியும் உடலுக்குள் குடலில் என்ன இருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணுவது. பாசிச் செல்கள், டயட்டம் ஓடுகள், பூஞ்சை இழைத் துண்டுகள், வித்துகள், மகரந்தம், இன்னதென்று அடையாளம் தெரியாத பழுப்புக் கூழ் ஆகியவையே பொதுவாகக் காணப்படுபவை. நீர்ப்பரப்பில் வாழும் இனங்களில் பாசியும் டயட்டமும் முக்கிய இடம் பெறுகின்றன. மகரந்தம் உதிரும் பருவத்தில் அதுவும் உணவாகிறது.

இந்த முறையில் இரண்டு பெரிய இடர்கள் உண்டு. முதலாவது, குடல் பலமுறை வெறுமையாக இருக்கும். துள்வாலிகள் முதிர்ச்சி அடைந்த பின்னரும் வாழ்நாள் முழுதும் தோலுரிக்கின்றன. ஒவ்வொரு முறையும் நடுக்குடலின் உட்பூச்சும் கழன்று வெளியேறுகிறது. தோலுரிக்கும் காலத்தை ஒட்டி அது உண்பதில்லை. எனவே ஒரே குளத்தில் ஒரே நாளில் பிடித்தவற்றுள் ஒரு பங்கு எதையும் தின்றிராதவையாகவே இருக்கும். பஞ்சமா, தோலுரிப்பா என்று குடலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இரண்டாவது இடர் இன்னும் ஆழமானது. குடலில் இருப்பது எல்லாம் செரிமானமாவதில்லை. டயட்டத்தின் சிலிக்கா ஓடு கண்ணாடி போன்றது. உள்ளேயுள்ள பசை செரித்தபின்னும் ஓடு அப்படியே தெரியும். பாக்டீரியாவோ செரித்துவிட்டால் சுவடே இருக்காது. அழுகிய இலைத் துணுக்கை விழுங்கும் துள்வாலி இலையால் வாழ்கிறதா, இலைமேல் படர்ந்த பூஞ்சையால் வாழ்கிறதா? கண்ணுக்குத் தெரிவதை எண்ணும் முறை, ஓடுள்ளவற்றை மிகையாகவும் ஓடற்றவற்றைக் குறைவாகவும் காட்டும். "அழுகல் உண்ணி" என்ற அடைமொழி இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அந்தப் பழுப்புக் கூழும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மாற்று வழி உடல் திசுவிலிருந்தே வந்தது. நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு உணவுச் சங்கிலியில் படிக்குப் படி சற்றுக் கூடிச் செல்லும். ஆகவே திசுவில் அதன் அளவைக் கணித்தால் அந்த உயிர் எந்தப் படியில் நிற்கிறது என்று ஊகிக்கலாம். விழுங்கியதை அல்ல, உடலாக மாறியதைக் காட்டும் முறை இது. 2005-இல் ஜெர்மனியின் இலையுதிர் காடுகளில் வாழும் 20 துள்வாலி இனங்களை இவ்வாறு ஆய்ந்தபோது எதிர்பாராத விரிவு தெரிந்தது. ஒரே மண்ணில் வாழ்ந்த அவ்வினங்கள் ஏறத்தாழ மூன்று உணவுப் படிகளில் பரவி நின்றன. பாசியும் தாவரமும் உண்பவை, இலைக் குப்பையைச் சார்ந்தவை, அந்தக் குப்பையைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைச் சார்ந்தவை என்று அவை பிரிக்கப்பட்டன. அது காட்டு மண்ணின் ஆய்வு. குளத்து நீர்ப்பரப்புக்கு எண்களை அப்படியே பெயர்க்க முடியாது. ஆயினும் துள்வாலிகள் அனைத்தையும் ஒரே அடைமொழியில் அடைக்கும் பழக்கத்துக்கு அது வலுவான மறுப்பு.

இந்தக் கேள்வியின் விடை குளத்தின் கணக்கையே மாற்றக்கூடியது. பாசியை நேரடியாக மேயும் துள்வாலி, சூரிய ஒளியால் உண்டான புதிய உணவைச் சிலந்திகளுக்கும் நீர்மேல் நடக்கும் பூச்சிகளுக்கும் குட்டித் தவளைகளுக்கும் கடத்துகிறது. அழுகலை உண்ணும் துள்வாலியோ இறந்துபோன பொருளை மீண்டும் உயிர்ச்சங்கிலிக்குள் கொண்டுவருகிறது. நீர்த்துள்வாலி இரண்டையும் செய்கிறது. எந்தப் பருவத்தில் எது மிகுதி என்பது குளத்துக்குக் குளம் வேறுபடும்.

நாற்பது கோடி ஆண்டுக்கு முந்தைய சதுப்பு

இதே கேள்வி தொல்லுயிரியலிலும் எழுந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன்சயர் பகுதியில் ரைனி என்ற சிற்றூர் உள்ளது. மருத்துவரும் நிலவியல் ஆர்வலருமான வில்லியம் மேக்கி 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு ஒரு விந்தையான செர்ட் பாறையைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் வெந்நீர் ஊற்றுகளை அடுத்த ஈரநிலமாக இருந்தது. ஊற்றுநீரில் கரைந்திருந்த சிலிக்கா, செடிகளையும் சிற்றுயிர்களையும் நின்ற நிலையிலேயே கல்லாக்கிவிட்டது. செல் சுவர்கள்கூட இன்றும் தெரிகின்றன.

1926-இல் ஸ்டான்லி ஹர்ஸ்ட், எஸ். மௌலிக் ஆகிய இருவரும் அந்தப் பாறையிலிருந்து ரைனியெல்லா பிரிகர்சர் என்ற உயிரை விவரித்தனர். மௌலிக் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இந்தியப் பூச்சியியலாளர், இலைவண்டுகளில் வல்லுநர். பிரிகர்சர் என்றால் முன்னோடி. 1928-இல் டில்யார்டு இது துள்வாலியைச் சேர்ந்தது என்று கருதினார். 1940-இல் ஸ்கூர்ஃபீல்டு மேலும் சில மாதிரிகளை விவரித்தார். இவ்வளவு பழைய பாறையில் இவ்வளவு இன்றைய தோற்றமுள்ள உயிரா என்ற ஐயம் சிலருக்கு இருந்தது. பிற்காலத்தில் பாறை வெடிப்புக்குள் புகுந்திருக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. 1981-இல் வேலி, ஜார்செம்பௌஸ்கி ஆகியோரின் மறு ஆய்வு அது துள்வாலியே என்பதை உறுதிப்படுத்தியது. ஈரநிலத்தில் வாழ்ந்த ஒரு துள்வாலியே இக்குழுவின் மிகப் பழைய சான்றாக இன்றுவரை உள்ளது.

அது என்ன தின்றது? ரைனிப் பாறையில் கல்லான எச்சத்துணுக்குகளும் கிடைத்துள்ளன. அவற்றுள் சில செடிகளின் வித்துகளால் நிறைந்தவை. சிலவற்றில் பூஞ்சை இழைகளும் செடித் திசுத் துண்டுகளும் உள்ளன. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு இவற்றைத் தொகுத்து, நிலத்தின் மிகப் பழைய உணவுவலை ஒன்றை வரைய முயன்றது. ஆனால் எந்த எச்சம் எந்த உயிருடையது என்பதைக் கல் சொல்வதில்லை. துள்வாலியோடு பல சிறு கணுக்காலிகளும் அந்தச் சதுப்பில் இருந்தன. எனவே ஆய்வாளர்கள் இன்றைய துள்வாலிகளின் குடலைப் பார்த்து அன்றைய உணவை ஊகிக்கிறார்கள்.

தெற்காசியாவைப் பொறுத்தவரை, அகஸ்டஸ் டேனியல் இம்சு 1912-இல் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் துள்வாலிகளைப் பற்றி எழுதிய கட்டுரை தொடக்ககால முயற்சிகளுள் முக்கியமானது. கீழைத்தேய இனங்களின் பட்டியலையும் அவர் அதில் சேர்த்தார். பிற்காலத்தில் உலகெங்கும் பூச்சியியல் மாணவர்கள் படித்த பாடநூலை 1925-இல் எழுதியவரும் இவரே. பொடுரா அக்வாட்டிக்கா குளிர்ந்த வடபகுதிக்கு உரியது. நம் ஊர் ஏரிக்கரையில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் துள்வாலிகள் வெப்ப மண்டலத்திலும் உள்ளன. மழைக்குப்பின் தொட்டி நீரின் மேலோ ஈரமான இலைச்சருகின் அடியிலோ ஊசிமுனை அளவில் ஏதேனும் துள்ளினால், ஒரு வெள்ளைத் தட்டில் அதை எடுத்துக் கைவில்லையால் பார்க்கலாம். நீரில் அழுத்தினால் நனையாமல் மேலே வருகிறதா என்பது முதற்சோதனை.